மக்காச்சோள பிஎல்ஏ-வை அச்சிட்டு உடலுக்குள் வைக்க முடியுமா?

கேள்வியின் சாரம் இது: 3டி பிரிண்டரில் போடும் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற பிளாஸ்டிக் மக்காச்சோளத்திலிருந்து வருகிறது, மக்கும் என்கிறார்கள். எலும்பு அறுவையில் பிஎல்ஏ ஸ்க்ரூ வைக்கிறார்கள் என்பதும் உண்மை. அப்படியானால் கல்லூரி லேபில் இருக்கும் பிரிண்டரையும் கடையில் வாங்கிய ஃபிலமென்டையும் (பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை) வைத்து உடலில் கரையும் இம்ப்ளான்ட் செய்ய முடியுமா? வேறு தாவர பாலிமர்கள் இதற்கு உண்டா?

வடிவம் வந்துவிடும், இம்ப்ளான்ட் வராது. பிரிண்டரின் துல்லியம் இதில் சின்னப் பங்குதான். பாலிமர் உங்கள் கைக்கு வந்த நாள் முதல் அறுவை மேசைக்குப் போகும் நாள் வரை அதன் மூலக்கூறு எடை, அதாவது மூலக்கூறுச் சங்கிலிகளின் நீளம், எவ்வளவு சரிகிறது என்பதுதான் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உலர்த்துவது, உருக்குவது, அச்சிடுவது, கிருமி நீக்குவது என ஒவ்வொரு படியிலும் சங்கிலி அறுபடும். எங்கே எவ்வளவு அறுபடுகிறது என்று கணக்கு வைக்காதவர் கையில் இருப்பது எலும்பு வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான்.

தாவரத்திலிருந்து வருவது, மண்ணில் மக்குவது, உடலுக்குள் கரைவது ஆகியவை மூன்று தனித்தனிக் குணங்கள். ஒன்று இருப்பதால் இன்னொன்று இருந்தாக வேண்டும் என்பதில்லை. செல்லுலோஸ் முழுக்க முழுக்கத் தாவரம், மண்ணிலும் நன்றாக மக்கும். ஆனால் அதை வெட்டும் நொதி நம் உடலில் இல்லாததால் உள்ளே வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதையே ஆக்சிஜனேற்றம் செய்தால் ஓரிரு வாரத்தில் கரையும். அறுவையில் இரத்தக் கசிவை நிறுத்த வைக்கும் சர்ஜிசெல் துணி அப்படிப்பட்டதுதான். இதற்கு நேர் எதிர் பிசிஎல் எனப்படும் பாலிகாப்ரோலாக்டோன். அது பெட்ரோலிய வழியில் வருவது, ஆனால் உடலில் இரண்டு மூன்று ஆண்டுகளில் கரைந்துவிடும். அச்சிட்டு மனித உடலில் வைத்த கரையும் இம்ப்ளான்ட்களில் பெயர் பெற்றவை பெரும்பாலும் இந்த பிசிஎல்லில் செய்தவையே. 2012-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு கைக்குழந்தையின் சுருங்கிப்போகும் மூச்சுக்குழலைத் தாங்க வைத்த உறையும், சிங்கப்பூர் ஆஸ்டியோபோர் நிறுவனம் மண்டையோட்டுத் துளைகளை மூடச் செய்யும் அடைப்பும் பிசிஎல்தான். "தாவர பாலிமரில் அச்சிட்ட இம்ப்ளான்ட்" என்று வரும் செய்திகளில் பாதி, பொருள் எது என்று பார்க்காமல் எழுதியவை.

பிஎல்ஏ-வில் மூன்று குணங்களும் சேர்ந்தே இருக்கின்றன, ஆனால் அங்கும் நிபந்தனை உண்டு. உரத்தொட்டியில் மக்குவதற்கு அதற்கு 58-60 டிகிரி சூடு வேண்டும். 37 டிகிரியில் அது நொதியால் சிதைவதில்லை. தண்ணீர் உள்ளே ஊறி, சங்கிலியைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. கடைசியில் மிஞ்சும் லாக்டிக் அமிலம் தசைகளில் தினமும் உண்டாகும் அதே பொருள் என்பதால் உடல் அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் எரித்துவிடுகிறது.

இதில் தாவர மூலத்துக்கு ஒரே ஒரு உண்மையான நன்மை இருக்கிறது. வேதியியல் முறையில் லாக்டிக் அமிலம் தயாரித்தால் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எல், டி இரண்டு வடிவங்களும் சரிபாதியாகக் கலந்து வரும். மாவுச்சத்தையோ கரும்புச் சர்க்கரையையோ லாக்டோபாசில்லஸ் போன்ற பாக்டீரியாவுக்குக் கொடுத்தால், சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால், ஏறத்தாழ முழுக்க எல் வடிவமே கிடைக்கும். உடல் எளிதில் எரிப்பதும் அதைத்தான். டி வடிவம் மெதுவாகத்தான் போகும். அமிலத்திலிருந்து லாக்டைடு என்ற வளையத்தை உண்டாக்கி, சுத்திகரித்து, ஸ்டானஸ் ஆக்டோயேட் என்ற வெள்ளீய வினையூக்கியால் அந்த வளையத்தைத் திறந்து நீண்ட சங்கிலியாக்குகிறார்கள். கணக்குப்படி 1.25 கிலோ குளுக்கோஸுக்கு 1 கிலோ பிஎல்ஏ வரும். நடைமுறையில் சர்க்கரை இதைவிடக் கூடுதலாகச் செலவாகும். நொதித்தலின்போது அமிலத்தைச் சுண்ணாம்பால் சமன்படுத்தும் பழைய முறையில் ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்குச் சுமார் ஒரு டன் ஜிப்சம் கழிவும் சேரும். "பசுமை" என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை. லாக்டைடு படிகமாகிச் சுத்தமான பிறகு அது சோளத்திலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்பது இம்ப்ளான்டுக்கு ஒரு பொருட்டே அல்ல.

இனி கடை ஃபிலமென்டுக்கு வருவோம். உலகில் விற்கும் பிஎல்ஏ ஃபிலமென்ட் பலவற்றுக்கு மூலப்பொருள் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உள்ள நேச்சர்வொர்க்ஸ் ஆலையிலிருந்தோ, தாய்லாந்தின் ராயோங்கில் உள்ள டோட்டல்எனர்ஜீஸ் கார்பியன் ஆலையிலிருந்தோ வருகிறது. உடல் திரவங்களோடும் திசுக்களோடும் உள்ளே தொடர்பு கொள்ளும் பயன்பாட்டுக்குத் தன் பிசினைத் தெரிந்தே விற்பதில்லை என்று நேச்சர்வொர்க்ஸ் தன் தரவுத்தாள்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. காரணம் எளிது. பேக்கிங்குக்கான பிஎல்ஏ-வில் டி வடிவத்தின் அளவு வகைக்கு வகை மாறும். ஃபிலமென்ட் செய்பவர் அதில் நிறமி, மோதல் தாங்கும் சேர்க்கை, சங்கிலி நீட்டி என்று என்னவெல்லாம் போட்டார் என்பது பெட்டியில் இருக்காது. எஞ்சிய வெள்ளீயமும் வினைபுரியாத லாக்டைடும் எவ்வளவு என்பதும் தெரியாது. போதாக்குறைக்கு வீட்டு பிரிண்டரின் பித்தளை நாஸிலில் ஈயம் கலந்திருக்கும். தட்டில் ஒட்டுவதற்குத் தடவும் பசைக்குச்சியும் அடுக்குக்குள் வந்து சேரும்.

மருத்துவத் தரம் வேண்டுமென்றால் ஈவோனிக்கின் ரெசோமர், கார்பியனின் பியூராசார்ப் போன்றவற்றைக் குருணையாகவே வாங்க வேண்டும். ஈவோனிக் ஃபிலமென்டாகவும் தருகிறது. தொகுதிச் சான்றிதழில் உள்ளார்ந்த பாகுநிலை (சங்கிலி நீளத்தைக் காட்டும் எண்), மீதி மோனோமர் (சங்கிலியில் சேராத லாக்டைடு), வெள்ளீயம், ஈரம் என எல்லாம் எண்ணாக வரும். மீதி மோனோமர் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பியூராசார்ப் பிஎல் 38 என்றால் கடைசி எண் பாகுநிலை 3.8 என்பதைக் குறிக்கிறது. அச்சிடுபவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். எண் பெரிதாக இருந்தால் வலிமை அதிகம் என்று 3.8-ஐ வாங்கிவிடுவார்கள். அந்தப் பாகு 0.3 மி.மீ. நாஸில் வழியே வெளியே வராது, வர வைக்கச் சூட்டைக் கூட்டினால் சங்கிலி அறுந்து 2-க்கு வந்து நிற்கும். உருகியதைச் சுழலும் திருகால் தள்ளும் ஸ்க்ரூ தலை உள்ள பிரிண்டருக்கு முதலிலேயே 1.5 முதல் 2.5 வரையிலான பாகுநிலையை வாங்கிப் பத்திரமாகக் காப்பதே நல்லது.

எந்த வகை என்பது எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தூய எல் வடிவ பிஎல்எல்ஏ படிகமாகும். 175 டிகிரியை ஒட்டி உருகும், முழுதாகப் போக இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு, சில நேரம் அதற்கு மேலும் ஆகும். எல்லும் டியும் கலந்த பிடிஎல்எல்ஏ படிகமாகாது, ஓராண்டை ஒட்டிப் போய்விடும். 70 பங்கு எல்-லாக்டைடும் 30 பங்கு டிஎல்-லாக்டைடும் சேர்ந்த இணைபாலிமர் இரண்டுக்கும் நடுவே நிற்கும். எலும்பு நிரப்பிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கிளைகோலைடு கலந்த பிஎல்ஜிஏ-வில் 85:15 ஐந்தாறு மாதம் தாங்கும், 50:50 ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும். 50:50-ஐ நுண்துளைச் சட்டமாக அச்சிட்டு 37 டிகிரி நீரில் போட்டால் அது சுருங்கிக் குறுகிப்போவதைப் பார்க்கலாம். உலர்ந்த நிலையில் 45-50 டிகிரியாக இருக்கும் அதன் கண்ணாடிநிலை வெப்பநிலை ஈரம் ஊறியதும் 30-ஐ ஒட்டி இறங்கிவிடும், அதாவது உடல் சூட்டிலேயே அது இளகிவிடும்.

சுமை விஷயத்தில் ஏமாறக் கூடாது. பிஎல்எல்ஏ-வின் விறைப்பு 3-4 ஜிகா பாஸ்கல், கெட்டி எலும்புக்கு 10 முதல் 20. அதையும் துளையிட்ட சட்டமாக்கினால் விறைப்பு இன்னும் பல மடங்கு விழும். ஆகவே தொடை எலும்புத் தகடெல்லாம் இதில் கிடையாது. மண்டையோட்டுத் துளை, கண்குழியின் தளம், பல் பிடுங்கிய பள்ளம், சிறு எலும்புத் துண்டுகள் என்று எல்லை அவ்வளவுதான்.

ஈரத்தின் கணக்கு

இந்த வேலையில் அதிகம் கெடுப்பது தண்ணீர். எவ்வளவு கெடுக்கும் என்பதைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். எண்-சராசரி மூலக்கூறு எடை 1,00,000 உள்ள பிஎல்ஏ ஒரு கிராமில் 10 மைக்ரோமோல் சங்கிலிகள் இருக்கின்றன. அதில் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) ஈரம் இருந்தால் ஒரு கிராமுக்கு 0.2 மில்லிகிராம், அதாவது 11 மைக்ரோமோல் தண்ணீர். ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒரு பிணைப்பை வெட்டும். உருகுநிலையில் அவ்வளவும் வினைபுரிந்தால் சங்கிலிகளின் எண்ணிக்கை 21 மைக்ரோமோலாகும், மூலக்கூறு எடை பாதிக்கும் கீழே போகும். 50 பிபிஎம் என்றால் தண்ணீர் 2.8 மைக்ரோமோல்தான், எடை 78,000-ல் நிற்கும். பேக்கிங் தொழிலில் 250 பிபிஎம் வரை ஏற்றுக்கொள்வார்கள். இம்ப்ளான்டுக்கு 50-க்குக் கீழே என்று பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

குருணை வரும் அலுமினிய உறையை மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரச் சில மணி நேரம் மூடியபடியே விட வேண்டும், இல்லாவிட்டால் சென்னைக் காற்றின் ஈரம் முழுக்கக் குளிர்ந்த குருணையின் மேல் பனித்துளியாக இறங்கிவிடும். தேவையான அளவைச் சிறு உறைகளில் நைட்ரஜன் நிரப்பிப் பிரித்து வைத்தால் மொத்தத்தையும் ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டாம். படிகமான பிஎல்எல்ஏ-வை வெற்றிட அடுப்பில் 80 டிகிரியில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் உலர்த்தலாம். படிகமாகாத வகைகளை அந்தச் சூட்டில் வைத்தால் குருணை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அவற்றுக்கு 40-45 டிகிரி, வெற்றிடம், ஓர் இரவு முழுக்க, பிஎல்ஜிஏ-வுக்கு இன்னும் தாழ்வாக. உலர்ந்ததா என்பதைக் கார்ல் ஃபிஷர் முறையில் (நீரின் அளவை வேதிவினையால் காணும் முறை) அளந்துதான் அறிய வேண்டும். கையில் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்கு இது நெல் அல்ல. உலர்த்திய குருணை திறந்த ஹாப்பரில் அரை மணி நேரம் கிடந்தாலே ஈரத்தைத் திரும்ப இழுக்கத் தொடங்கிவிடும். ஹாப்பருக்கு உலர் நைட்ரஜன் ஓட்டம் கொடுங்கள்.

அச்சிடும்போது

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 10 மி.மீ. விட்டம், 5 மி.மீ. உயரம் உள்ள உருளைச் சட்டம், 70:30 இணைபாலிமர். நாஸில் துருப்பிடிக்காத எஃகில் 0.3 மி.மீ., இழைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கு 0.7 மி.மீ., அடுக்கு உயரம் 0.24 மி.மீ., அடுக்குக்கு அடுக்கு 90 டிகிரி திருப்பம். இழைகளுக்கு நடுவே 400 மைக்ரான் இடைவெளி கிடைக்கும். எலும்பு செல்களும் இரத்தக் குழாய்களும் உள்ளே வளர 300 முதல் 600 மைக்ரான் போதும். இழையின் வெட்டுப்பரப்பு 0.0707 சதுர மி.மீ. அதை 0.7 பெருக்கல் 0.24-ஆல் வகுத்தால் 0.42. அதாவது 42 சதவீதம் பாலிமர், 58 சதவீதம் வெற்றிடம். அடர்த்தி 1.24 என்றால் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 0.2 கிராம் பாலிமர் செலவாகும்.

இந்த 0.2 கிராம்தான் சிக்கலின் வேர். நொடிக்கு 5 மி.மீ. வேகத்தில் இழை விட்டால் ஒரு துண்டுக்கு எட்டு நிமிடம் ஆகும். பீப்பாயில் 10 கிராம் நிரப்பி உருக்கி வைத்தால் கடைசித் துளி வெளியே வர ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். 200 டிகிரியில் ஆறு மணி நேரம் வெந்த பாலிமர் மஞ்சளாகி, சங்கிலி குறுகி, வெள்ளீய வினையூக்கியின் தூண்டலில் திரும்ப லாக்டைடாக அவிழத் தொடங்கியிருக்கும். முதல் துண்டும் ஐம்பதாவது துண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உடலில் கரையும் வேகம் வேறு வேறாக இருக்கும். காற்றழுத்தத்தில் தள்ளும் சிரிஞ்சு வகைத் தலையில் ஒருமுறைக்கு இரண்டு கிராமுக்கு மேல் நிரப்பாதீர்கள், அல்லது உருகிய பகுதி சிறிதாக இருக்கும் ஸ்க்ரூ தலைக்கு மாறுங்கள். மருத்துவத் தர ஃபிலமென்டின் சாதகம் இதுதான், உருகும் இடத்தில் அது நிற்பது ஓரிரு நிமிடங்களே. பாதகம், ஃபிலமென்ட் இழுப்பதே ஒருமுறை உருக்குவதாகிவிடுகிறது.

இந்த 70:30 பாலிமருக்கு நாஸில் சூடு 180-ல் தொடங்கி 5 டிகிரி படியாக ஏற்றி, இழை சீராக வரும் மிகத் தாழ்ந்த சூட்டில் நிறுத்துங்கள். பிஎல்எல்ஏ-வுக்கு 190-220, பிசிஎல்லுக்கு 80-120 போதும். தட்டு வெறும் கண்ணாடி, 50-55 டிகிரி. இழையில் குமிழ் தெரிந்தாலோ நாஸிலில் சின்னச் சின்ன வெடிச்சத்தம் கேட்டாலோ அது ஈரம். அச்சிடுவதை நிறுத்திவிட்டு மறுபடி உலர்த்துவதில் பயனில்லை, அந்தப் பாலிமரின் சங்கிலி ஏற்கெனவே அறுந்துவிட்டது. அடுக்குகள் பிரிந்து வந்தால் சூட்டைக் கூட்டும் முன் காற்றாடியை நிறுத்திப் பாருங்கள். இழை வெளியே வரும்போது வீங்கி 0.3 என்பது 0.36 ஆனால் வெற்றிடம் 58-லிருந்து 40 சதவீதத்துக்கு விழும். அதனால் மென்பொருள் சொல்லும் எண்ணை நம்பாமல் துண்டை எடை போட்டுப் பாருங்கள். 0.2 கிராம் வர வேண்டிய இடத்தில் 0.28 வந்தால் துளைகள் அடைந்துவிட்டன என்று பொருள்.

ஹைட்ராக்ஸிஅபடைட் அல்லது ட்ரைகால்சியம் பாஸ்பேட் தூளை எடையில் 20-30 சதவீதம் சேர்ப்பது வழக்கம். எலும்பு பிடிக்கும், விறைப்பு கூடும், சிதையும்போது வரும் அமிலத்தையும் ஓரளவு சமன்படுத்தும். தூளின் துகள் நாஸில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், 0.3 மி.மீ. நாஸிலுக்கு 30 மைக்ரான். தூளும் ஈரம் உறிஞ்சும் என்பதை மறந்து பாலிமரை மட்டும் உலர்த்துபவர்கள் பலர்.

அச்சிட்ட பிறகு வலிமைக்காக 100 டிகிரியில் வைத்துப் படிகமாக்கும் பழக்கத்தை பிஎல்எல்ஏ இம்ப்ளான்டில் யோசித்துத்தான் செய்ய வேண்டும். காரணம் கீழே வருகிறது.

கிருமி நீக்கம்

ஆட்டோகிளேவ் கிடையாது. 121 டிகிரி நீராவி என்பது கண்ணாடிநிலை வெப்பநிலையைத் தாண்டிய சூடும் நீராற்பகுப்பும் ஒரே நேரத்தில். காமா கதிர் 25 கிலோகிரே கொடுத்தால் வடிவம் மாறாது, ஆனால் மூலக்கூறு எடை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ போகும். முன்கூட்டியே அதைக் கணக்கிட்டு உயர்ந்த எடையில் தொடங்கலாம், உலர் பனிக்கட்டியிலும் நைட்ரஜனிலும் வைத்துக் கதிர் கொடுத்து இழப்பைக் குறைக்கலாம். எத்திலீன் ஆக்சைடு சங்கிலியை அவ்வளவாகத் தொடாது. ஆனால் அந்தச் சுழற்சியில் ஈரமும் 37 முதல் 55 டிகிரி வரை சூடும் உண்டு. ஈரம் பட்ட 70:30-ன் கண்ணாடிநிலை 45-ஐ ஒட்டி இறங்குவதால் 55 டிகிரிச் சுழற்சியில் துண்டு வளைந்து வெளியே வரும். 37-40 டிகிரிச் சுழற்சி கேளுங்கள். பிறகு எஞ்சிய வாயு, மருத்துவக் கருவிகளின் உயிரிணக்கத் தரமான ஐஎஸ்ஓ 10993-ன் ஏழாம் பகுதி சொல்லும் வரம்புக்குள் வரும்வரை வெற்றிடத்தில் காற்றோட்டம் விடுங்கள். துளைகள் நிறைந்த சட்டத்தில் இதற்கு நாள்கணக்கில் ஆகும். 70 சதவீத எத்தனாலில் முக்கிப் புறஊதா விளக்கில் வைப்பது செல் வளர்ப்புச் சோதனைக்கு மட்டும் சரி, அது கிருமி நீக்கம் ஆகாது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று எண்டோடாக்சின். செத்த பாக்டீரியாவின் சுவர்த் துண்டுகளும் காய்ச்சலை உண்டாக்கும். கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரியில் சுட்டு அதை ஒழிக்கலாம், பிஎல்ஏ-வைச் சுட முடியாது. கதிரும் எத்திலீன் ஆக்சைடும் கிருமியைக் கொல்லுமே தவிர அந்தத் துண்டுகளை அகற்றாது. வரம்பு ஒரு கருவிக்கு 20 எண்டோடாக்சின் அலகு, மூளைத் தண்டுவடத் திரவத்தைத் தொடும் இடத்தில் 2.15. முதலிலேயே சுத்தமான அறையில், கையுறையோடு, சுத்த நீரால் மட்டும் கழுவிச் செய்ய வேண்டும் என்பது இதனால்தான். மண்டையோட்டு அடைப்பை லேபின் குழாய் நீரில் கழுவியவர் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

தடித்த பிஎல்ஏ துண்டு வெளியிலிருந்து கரைந்து உள்ளே போகும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். மேற்பரப்பில் உண்டாகும் அமிலம் திசுத் திரவத்தில் கலந்து வெளியேறிவிடும். நடுவில் உண்டாகும் அமிலம் சிக்கிக்கொண்டு தானே மேலும் பிணைப்புகளை வெட்டும். மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால் மேல்தோல் நன்றாகவும் உள்ளே குழம்பாகவும் இருக்கும், வெயிலில் வெம்பிய மாம்பழம் மாதிரி. இதை 1990-ல் பிரான்சின் மிஷேல் வெர்ட் குழுவினர் தெளிவாகக் காட்டினார்கள். தோல் உடையும் நாளில் தேங்கிய அமிலம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். 0.3 மி.மீ. இழைகளாக அச்சிட்ட சட்டத்துக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. அச்சிடுவதால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் நோயாளிக்கு ஏற்ற வடிவத்தைவிட இதில்தான் என்பது என் கருத்து. அதே காரணத்தால், வலிமை வேண்டும் என்று 100 சதவீதம் நிரப்பி அச்சிடுபவர்கள் அந்த ஆதாயத்தைத் தாங்களே கைவிடுகிறார்கள்.

படிகத்தின் கதை வேறு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் கன்னத்து எலும்பு முறிவுக்கு பிஎல்எல்ஏ தகடும் ஸ்க்ரூவும் வைத்த நோயாளிகளுக்கு எல்லாம் நன்றாக ஆறி, 3.3 முதல் 5.7 ஆண்டுகள் கழித்து அந்த இடம் வீங்கியது. 1990-களில் பெர்க்ஸ்மா குழுவினர் இதை எழுதினார்கள். படிகமாகாத பகுதிகள் முதலில் கரைந்துபோக, கரைய மறுத்த நுண்படிகத் துகள்கள் எஞ்சி, அவற்றைத் தின்ன வந்த செல்களால் வீக்கம் உண்டானது. எலும்பு ஆறு வாரத்தில் சேர்ந்தது, பொருள் ஆறு ஆண்டு கிடந்தது. 70:30 போன்ற படிகமாகாத வகையைப் பரிந்துரைப்பதும், சூட்டில் வைத்துப் படிகமாக்காதீர்கள் என்பதும் இதற்காகத்தான்.

பாடத்தை மறந்தால் பெரிய நிறுவனங்களும் தப்புவதில்லை. அபோட்டின் அப்சார்ப் என்ற கரையும் இதய ஸ்டென்ட் பிஎல்எல்ஏ-வில் செய்தது. 2016 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்தது, 2017 செப்டம்பரில் விற்பனை நின்றது. உலோகத்துக்கு ஈடான தாங்குதிறன் வேண்டுமென்று கம்பிகளை 150 மைக்ரானுக்கு மேல் தடிமனாக்க வேண்டியிருந்தது, அந்தத் தடிமனும் இரத்தம் உறைவதற்கு ஒரு காரணமானது. 2024-ல் அதே நிறுவனம் முழங்காலுக்குக் கீழ் உள்ள தமனிகளுக்காக மெலிந்த கம்பிகளோடு எஸ்பிரிட் என்ற வடிவத்துக்கு அனுமதி பெற்றது. இவை அச்சிட்டவை அல்ல, குழாயை லேசரால் வெட்டியவை. ஆனால் தடிமனுக்கும் கரையும் காலத்துக்கும் உள்ள கணக்கு ஒன்றுதான்.

வேறு தாவரங்கள்

ஆமணக்கு எண்ணெயைக் காரத்தோடு சூடாக்கிப் பிளந்தால் செபாசிக் அமிலம் வரும். அதைக் கிளிசராலோடு சேர்த்தால் கிடைப்பது பாலி கிளிசரால் செபாசேட், ரப்பர் போல இழுபடும் பொருள். ராபர்ட் லேங்கரின் ஆய்வகத்தில் யாடாங் வாங் முதலானோர் 2002-ல் இதை வெளியிட்டார்கள். எலிகளில் இரண்டு மாதத்தில் போய்விட்டது, அதுவும் பிஎல்ஏ போல நடுவில் குழம்பாகாமல் மேற்பரப்பிலிருந்து கரைந்து. நரம்பு, இரத்தக் குழாய், குருத்தெலும்பு மாதிரி மென்மையான இடங்களுக்கு இதுதான் வழி. மூல வடிவம் வெற்றிடத்தில் 120 டிகிரியில் நாள்கணக்கில் இறுக வேண்டியது என்பதால் அச்சிட ஒத்துவராது. அக்ரிலேட் குழு சேர்த்தால் ஒளியில் நொடிகளில் இறுகும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பாலிமரை வைத்து, அறுந்த நரம்பைத் தையலின்றி இணைக்கும் கருவிக்கு பிரான்சின் டிசியம் நிறுவனம் 2025-ல் எஃப்டிஏ அனுமதி பெற்றது. அதில் அச்சிட்ட சிறு கூடு ஒன்றும் உண்டு. உலக ஆமணக்கில் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது என்பதால் இந்திய ஆய்வாளர்கள் பிஎல்ஏ-வைவிட இதில் கவனம் வைத்தால் நல்லது.

சோயா எண்ணெயின் அக்ரிலேட்டை ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2016-ல் லேசரால் அச்சிட்டு, மைனஸ் 18 டிகிரியில் மடக்கி வைத்த வடிவம் 37 டிகிரியில் தானே விரிவதைக் காட்டினார்கள். ஆய்வகத்துச் செல்களோடு நன்றாக ஒத்துப்போனது. அது உடலுக்குள் வரும் தூரம் இன்னும் நிறைய. பழுப்புக் கடற்பாசியின் ஆல்ஜினேட் 2-4 சதவீதக் கரைசலாக அச்சிட்டுக் கால்சியம் குளோரைடில் இறுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவில், மண்டபம் பக்கம் எடுக்கும் சர்காசம், டர்பினேரியா பாசிகள் ஆல்ஜினேட் ஆலைகளுக்குத்தான் போகின்றன. ஆனால் செல்லுலோஸ் போலவே இதற்கும் உடலில் நொதி இல்லை. கால்சியம் விலகி ஜெல் தளர்ந்தாலும் சங்கிலி அப்படியே இருக்கும், சிறுநீரகம் வடிகட்டும் அளவுக்குச் சிறிதாக இல்லாவிட்டால் வெளியேறாது. முன்பே ஓரளவு ஆக்சிஜனேற்றம் செய்து பலவீனப்படுத்தினால்தான் கரையும்.

சர்க்கரையில் வளரும் பாக்டீரியா தரும் பி4எச்பி (பாலி-4-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்) என்ற பாலிமரையும் சொல்ல வேண்டும். டெஃபா நிறுவனத்தின் தையல் நூலாக 2007-ல் அனுமதி பெற்றது, இப்போது ஹெர்னியா வலையாகவும் இருக்கிறது. நன்றாக இழுபடும், பிஎல்ஏ அளவுக்கு அமிலம் விடாது. வாங்குவதுதான் கடினம்.

கல்லூரி லேபில் என்ன செய்யலாம்

மனிதருக்குள் வைப்பது உங்கள் எல்லைக்கு வெளியே. ஐரோப்பிய விதிகளில் உடல் உறிஞ்சும் இம்ப்ளான்ட் மிக உயர்ந்த மூன்றாம் வகுப்பு. இந்தியாவில் 2017 மருத்துவக் கருவி விதிகளின் கீழ் சி, டி வகுப்புகளுக்கு உரிமம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம்தான் வாங்க வேண்டும். உயிரிணக்கச் சோதனைகளைத் திருவனந்தபுரம் பூஜப்புராவில் உள்ள ஸ்ரீசித்ரா நிலையத்தின் பிரிவு வெளியாருக்கும் செய்து தருகிறது. ஐஎஸ்ஓ 10993-ன் ஐந்தாம் பகுதியான செல் நச்சுத்தன்மையிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் நல்ல சிதைவு ஆய்வு ஒன்றை நீங்களே செய்யலாம். செலவும் அதிகமில்லை. ஐஎஸ்ஓ 13781, ஏஎஸ்டிஎம் எஃப் 1635 இரண்டும் வழிகாட்டும். மேலே சொன்ன 0.2 கிராம் துண்டு ஒவ்வொன்றையும் 20 மி.லி. பாஸ்பேட் தாங்கல் கரைசலில், 7.4 பிஎச்-சில், 37 டிகிரியில் தனித்தனிக் குப்பியில் வையுங்கள். ஒரு கிராமுக்கு 30 மி.லி.க்குக் குறைந்தால் கரைசல் அமிலமாகி முடிவு கெடும். பூஞ்சை வராமல் 0.02 சதவீதம் சோடியம் அசைடு போடலாம், அந்தத் துண்டில் பிறகு செல் வளர்க்கப் போவதில்லை என்றால் மட்டும். 0, 2, 4, 8, 12, 26 வாரங்களில் எடுத்து, மூலக்கூறு எடைக்கு மூன்று துண்டு, அமுக்க வலிமைக்கு ஆறு துண்டு. அமுக்கச் சோதனையை ஈரத்தோடு, 37 டிகிரியில் செய்யுங்கள். உலர்த்திச் செய்தால் வலிமை பொய்யாக உயர்ந்து தெரியும். மூலக்கூறு எடையை அளக்கும் ஜெல் ஊடுருவல் குரோமடோகிராஃபி கருவி இல்லையென்றால் குளோரோஃபார்மில் 0.1 சதவீதக் கரைசலை 25 டிகிரியில் உபெலோடு பாகுமானியில் ஓட்டினாலே போக்கு தெரிந்துவிடும். பாஸ்பேட் தூள் கலந்திருந்தால் வடிகட்டிய பிறகு ஓட்டுங்கள்.

எடை இழப்பை மட்டும் வரைபடமாகப் போட்டு "சிதையவே இல்லை" என்று எழுதும் திட்ட அறிக்கைகள் நிறைய. மூலக்கூறு எடை முதலில் விழும், வலிமை அடுத்து, துண்டின் எடை கடைசியில்தான். 26 வாரத்தில் எடை 99 சதவீதம் இருக்கும்போதே மூலக்கூறு எடை பாதிக்கும் கீழே போயிருக்கலாம். நேரமில்லை என்று 70 டிகிரியில் வேகப்படுத்தினால் அது கண்ணாடிநிலைக்கு மேலே நடக்கும் சிதைவு. வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும், 37 டிகிரியில் எத்தனை மாதம் என்று அதிலிருந்து கணக்கிட முடியாது. இந்த ஆய்வில் கடை ஃபிலமென்டில் அச்சிட்ட ஒரு தொகுதியையும் சேர்த்து வையுங்கள். பூஜ்ய வாரத்திலேயே இரண்டின் பாகுநிலையையும், அச்சிடும் முன்பும் பின்பும், பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் உங்கள் கேள்விக்கு உங்கள் லேபின் எண்ணிலேயே பதில் கிடைத்துவிடும்.